முழங்கால் விரலைத் தாண்டலாமா?

பார்பெல்லைத் தோளில் ஏற்றிக் குந்தி எழும் பயிற்சியைக் கற்றுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்று விதிகளைச் சொல்லுகிறார்கள். முதலாவது, குந்தும்போது முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, பாதங்கள் தோள் அகலத்தில் நேராக முன்னோக்கி இருக்க வேண்டும். மூன்றாவது, மெத்தென்ற அடியுள்ள காலணி மூட்டுக்குப் பாதுகாப்பு. உடற்பயிற்சிக் கூடங்களில் வாய்மொழியாகவும் சுவர்ப் படங்களாகவும் இவை உலவுகின்றன.

சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆயினும் நல்லெண்ணத்தால் விசைகளின் கணக்கு மாறிவிடாது. வெறும் உடலோடு குந்துபவன் தவறான விதியைப் பின்பற்றினால் பெரிய கேடு விளையாது. 100 கிலோகிராமைத் தோளில் சுமப்பவனின் நிலை வேறு. முழங்காலைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட விதிக்கு அவனுடைய முதுகு விலை கொடுக்க நேரலாம். ஆதலின் இம்மூன்று விதிகளையும் பள்ளியில் படித்த நிலையியலைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

அச்சத்தின் தோற்றம்

ஆழ்ந்து குந்துவது முழங்காலுக்குத் தீது என்ற எண்ணம் பரவியதில் 1961ஆம் ஆண்டுக்கு முக்கிய இடம் உண்டு. அவ்வாண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆழ்ந்து குந்தும் பயிற்சி செய்தவர்களுக்கு முழங்கால் மூட்டைக் கட்டிவைக்கும் நார்கள் தளர்ந்திருப்பதாக அவர் கூறினார். பாதியளவு குந்தினால் போதும் என்ற அறிவுரை அதிலிருந்து கிளம்பியது. பின்னர் வந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. 1989இல் சாண்ட்லரும் உடன் ஆய்வாளர்களும் பளுதூக்குவோரின் முழங்கால்களைச் சோதித்தபோது அத்தகைய தளர்ச்சியைக் காணவில்லை. ஆய்வு திருத்தப்பட்டது, அச்சம் மட்டும் விலகவில்லை. முழங்காலை எப்படியாவது பின்னால் நிறுத்திவைக்க வேண்டும் என்னும் விதிக்கு அந்த அச்சமே இன்றும் துணை நிற்கிறது.

அன்றாட வாழ்வைச் சற்றுக் கவனிப்போம். படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் நிற்கும் காலின் முழங்கால் விரலைத் தாண்டி முன்னே செல்லுகிறது. தரையில் குதிகால் பதியக் குந்தி அமர்ந்தாலும் அப்படியே. நம் நாட்டு மல்லர்கள் தண்டாலோடு சேர்த்துச் செய்யும் பஸ்கியில் குதிகாலே தரையைவிட்டு எழுந்துவிடும். முழங்கால் விரலுக்கு வெகு முன்னே நிற்கும். இவற்றில் பார்பெல்லின் பாரம் இல்லை என்று வாசகர் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமானதே. ஆகவே பாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவோம்.

நிலையியல் தரும் கணக்கு

ஒருவர் சாயாமல் நிற்க வேண்டுமானால், அவருடைய உடலும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு பாதங்களின் பரப்புக்குள் விழ வேண்டும். உறுதியாக நிற்க, அது பாதத்தின் நடுப்பகுதியில் விழுவது நல்லது. சுமை மிகப் பெரியதாகும்போது ஈர்ப்பு மையம் தண்டை நெருங்குகிறது. எனவே பார்பெல்லின் தண்டு பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே உள்ளது என்று கொண்டால் பெரும்பிழை வராது.

இனி எண்களைப் பார்ப்போம். பாதத்தின் நீளம் 24 செ.மீ., கீழ்க்கால் 40 செ.மீ., தொடை 42 செ.மீ., இடுப்பு மூட்டிலிருந்து தண்டு வரை 48 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுமை 100 கி.கி.; அதன் எடை 980 நியூட்டன். தொடை தரைக்கு இணையாகும் வரை அவர் குந்தியிருக்கிறார்; பாதங்கள் முன்னோக்கி இருக்கின்றன. முழங்கால் என்று இங்கே சொல்வது மூட்டின் மையத்தை. முழங்கால் சில்லு அதற்குச் சில செ.மீ. முன்னால் இருக்கும்.

ஒரு மூட்டில் சுமை உண்டாக்கும் திருப்புத்திறன், சுமையின் அளவை அம்மூட்டுக்கும் சுமையின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையேயுள்ள கிடைத்தொலைவால் பெருக்கினால் கிடைக்கும். முழங்கால் அக்கோட்டுக்கு முன்னால் இருக்கிறது; இடுப்பு பின்னால் இருக்கிறது. அவ்விரண்டையும் இணைப்பது தொடை. ஆகவே முழங்காலின் தொலைவையும் இடுப்பின் தொலைவையும் கூட்டினால் எப்போதும் தொடையின் 42 செ.மீ. வரும். இந்த ஒரு சமன்பாட்டில்தான் விடை முழுவதும் அடங்கியிருக்கிறது.

விதிப்படி முழங்கால் விரல் நுனியோடு நிற்பதாகக் கொள்வோம். பாதத்தின் நடுவிலிருந்து விரல் நுனி 12 செ.மீ. எனவே இடுப்பு 30 செ.மீ. பின்னால் செல்ல வேண்டும். இரண்டு கால்களுக்கும் சேர்த்து முழங்காலில் திருப்புத்திறன் சுமார் 118 நியூட்டன்-மீட்டர். இடுப்பில் சுமார் 294.

விதியை மீறி, முழங்கால் விரலைத் தாண்டி 6 செ.மீ. முன்னே செல்வதாகக் கொள்வோம். இப்போது முழங்காலின் தொலைவு 18 செ.மீ., இடுப்பின் தொலைவு 24 செ.மீ. முழங்காலில் சுமார் 176 நியூட்டன்-மீட்டர். இடுப்பில் சுமார் 235.

இரு நிலைகளிலும் கூட்டுத்தொகை மாறவில்லை. முழங்காலிலிருந்து எடுத்ததை விதி இடுப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. இடுப்பின் தசைகள் வலியவை. அவை அதைத் தாங்கக் கூடும். ஆனால் செய்தி இடுப்போடு முடிவதில்லை. இடுப்பு 30 செ.மீ. பின்னே சென்றபின் தண்டு கோட்டின்மேல் நிற்க வேண்டுமானால், 48 செ.மீ. நீளமுள்ள முதுகு நிமிர்நிலையிலிருந்து சுமார் 39 டிகிரி சாய வேண்டும். இடுப்பு 24 செ.மீ. பின்னே இருந்தால் சாய்வு 30 டிகிரி போதும். முதுகுக்குக் குறுக்காக இழுக்கும் விசைக்கூறு முதல் நிலையில் சுமார் 612 நியூட்டன். இரண்டாம் நிலையில் 490. தொடை நீண்டு, முதுகு குட்டையாக உள்ளவருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெருகும். அவர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கக் கடைப்பிடிக்க வில்லைப் போல வளைவார்.

இரு கட்சியும் காட்டும் ஓர் ஆய்வு

இதைச் சோதனையில் பார்த்தவர்களும் உண்டு. 2003இல் ஃபிரை, ஸ்மித், ஷில்லிங் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பயிற்சியுள்ள 7 ஆடவர்கள் தம் உடல் எடைக்குச் சமமான பாரத்தோடு குந்தினார்கள். ஒருமுறை தடையின்றி; மறுமுறை முழங்கால் விரலைத் தாண்டாதபடி முன்னால் ஒரு பலகையை நிறுத்தி. தடையின்றிக் குந்தியபோது முழங்காலில் திருப்புத்திறன் சராசரி 150.1 நியூட்டன்-மீட்டர்; தடுத்தபோது 117.3. இடுப்பில் தடையின்றி 28.2, தடுத்தபோது 302.7.

விதியை ஆதரிப்பவர்கள் முதல் இணை எண்களைக் காட்டி, முழங்காலின் சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாம் இணையைக் காட்டி, இடுப்பின் சுமை பத்து மடங்கு கூடிவிட்டது என்கிறார்கள். இரு கட்சியும் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

நான்கு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். தடையற்ற நிலையில் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து 178.3, தடுத்த நிலையில் 420.0. மேலே கண்ட எளிய கணக்கின்படி, பாரமும் குந்தும் ஆழமும் மாறாதபோது கூட்டுத்தொகை மாறக் கூடாது. இங்கோ இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மேலும் 28.2 என்ற சராசரிக்குத் திட்ட விலக்கம் 65.0. சராசரியைவிட விலக்கம் பெரிது, ஆட்களோ எழுவர். 80 கி.கி. சுமைக்கு 28 நியூட்டன்-மீட்டர் என்றால், இடுப்பு மூட்டு சுமைக் கோட்டிலிருந்து 4 செ.மீ.கூட விலகவில்லை என்று பொருள். தொடை கிடையாக இருக்கும் ஒருவருக்கு அது இயல்பான நிலையன்று. குந்திய ஆழம், உடல் உறுப்புகளின் எடையைச் சேர்த்த முறை, கணக்கிட்ட முறை என்று இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம்.

ஆகவே இவ்வாய்விலிருந்து திசையை எடுத்துக்கொள்ளலாம். பத்து மடங்கு என்ற அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்காலைத் தடுத்தால் முழங்காலின் சுமை குறையும், இடுப்பின் சுமை கூடும் என்ற திசை நம்முடைய எளிய கணக்கோடும் ஒத்துவருகிறது. முழங்கால் சிறிது விரலைத் தாண்டுவது தேவையாகலாம் என்றுதான் அவ்வாய்வாளர்களும் அடக்கமாகச் சொன்னார்கள். அந்த அடக்கம் மேற்கோள் காட்டுபவர்களிடம் இருப்பதில்லை.

பாதத்தின் கோணம்

இரண்டாம் விதிக்கு வருவோம். பாதங்கள் நேராக இருக்க வேண்டும் என்பதற்கு நிலையியலில் காரணம் இல்லை. மாறாகக் கூறவே இடமிருக்கிறது. பாதங்களையும் அவற்றோடு முழங்கால்களையும் 30 டிகிரி வெளிப்புறம் திருப்பினால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது 42 செ.மீ. தொடை சுமார் 36 செ.மீ. நீளமாகத்தான் தெரியும். தொடையை அறுக்காமலேயே குட்டையாக்கிவிட்டோம்! முன்பு 24 செ.மீ. ஆக இருந்த இடுப்பின் தொலைவு சுமார் 21 ஆகிறது. முதுகின் சாய்வு 30 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 26 ஆகிறது. இதில் இலாபம் மட்டுமே உண்டு என்று எண்ணக் கூடாது. தொடையைப் பக்கவாட்டில் தாங்கும் தசைகள் இப்போது கூடுதலாக உழைக்க வேண்டும். பாதம் ஒரு திசையிலும் முழங்கால் வேறு திசையிலும் நோக்கினால் மூட்டு முறுக்கப்படும். முழங்கால் எப்போதும் பாதத்தின் திசையிலேயே செல்ல வேண்டும். முதல் விதிக்குப் பதிலாகச் சுவரில் எழுதத் தக்க வாசகம் இதுவே.

அப்படியானால் 30 டிகிரியைப் புதிய விதியாக வைத்துக்கொள்ளலாமா? மார்க் ரிப்பட்டோ, லான் கில்கோருடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' என்ற நூல் இவ்வெண்ணைப் பரவலாக்கியது. பாரம் பாதத்தின் நடுவுக்கு மேலே நிற்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, குந்துதலை நெம்புகோல் பாடமாகவே விளக்கிய அந்நூல் பாராட்டுக்குரியது. குதிகால்கள் தோள் அகலத்தில், விரல்கள் ஏறத்தாழ 30 டிகிரி வெளிநோக்கி என்பது அதன் பரிந்துரை. ஆனால் பாதத்தின் நடு என்பது ஈர்ப்பு மையத்தைப் பற்றிய விதியிலிருந்து பிறந்தது. அது எல்லோருக்கும் பொது. 30 டிகிரி என்பது பலரைப் பயிற்றுவித்த அனுபவத்திலிருந்து பிறந்தது; ஆளுக்கு ஆள் வேறுபடும். இடுப்பு எலும்பின் குழியும் அதில் பொருந்தும் தொடை எலும்பின் தலையும் எல்லோருக்கும் ஒரே திசையில் அமைவதில்லை. ஒருவருக்கு 15 டிகிரியில் ஆழம் எளிதாகக் கிடைக்கும். மற்றொருவருக்கு 40 டிகிரி வேண்டியிருக்கும். நூலும் இதைத் தொடக்க நிலை என்றே தருகிறது. படிப்பவர்கள் முதல் வகை உண்மையின் உறுதியை இரண்டாம் வகை எண்ணுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். குறை அங்கேதான் நேருகிறது.

குதிகாலும் அடியும்

முழங்கால் முன்னே செல்லலாம் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். கணுக்கால் இடம் கொடுக்க வேண்டுமே! கணுக்கால் மூட்டு பாதத்தின் நடுவுக்குச் சுமார் 6 செ.மீ. பின்னால் உள்ளது. முழங்கால் நம் இரண்டாம் நிலையை அடையக் கீழ்க்கால் சுமார் 37 டிகிரி முன்சாய வேண்டும். குதிகால் பதிந்திருக்க இவ்வளவு மடங்காத கணுக்கால்கள் பல. ஒருவருடைய கணுக்கால் 30 டிகிரிதான் மடங்கும் என்று கொள்வோம். அவர் முழங்கால் கோட்டுக்கு 14 செ.மீ. முன்னே வந்து நின்றுவிடும். இடுப்பு 28 செ.மீ. பின்னே செல்லும்; முதுகு சுமார் 36 டிகிரி சாயும்.

இங்கேதான் குதிகால் உயர்ந்த பளுதூக்கும் காலணி உதவுகிறது. குதிகாலை முன்பாதத்தைவிட 2 செ.மீ. உயர்த்தினால் பாதம் 6 டிகிரிக்குச் சற்று மேல் சாய்கிறது. அதே கணுக்காலோடு கீழ்க்கால் இப்போது 36 டிகிரி வரை சாயலாம். முழங்கால் ஏறக்குறைய 4 செ.மீ. கூடுதலாக முன்னே வருகிறது. முதுகு சுமார் 5 டிகிரி நிமிர்கிறது. 2012இல் சாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் ஓட்டக் காலணியையும் பளுதூக்கும் காலணியையும் ஒப்பிட்டபோது, பின்னதில் உடலின் முன்சாய்வு குறைந்ததைக் கண்டார்கள்.

இக்காலணி எல்லோருக்கும் தேவையா என்றால், அது நோக்கத்தைப் பொறுத்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் பளுதூக்கும் போட்டியிலிருந்து பிரஸ் நீக்கப்பட்டது. ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டுமே எஞ்சின. இரண்டிலும் நிமிர்ந்த முதுகோடு ஆழக் குந்திப் பாரத்தை ஏற்க வேண்டியிருப்பதால், உயர்ந்த குதிகால் அவ்வீரர்களுக்கு இன்றியமையாதது. பவர்லிஃப்டிங் வீரர்களில் பலர் தண்டை முதுகில் சற்றுத் தாழ வைத்து, கால்களை அகற்றி, இடுப்பைப் பின்னே தள்ளிக் குந்துகிறார்கள். கீழ்க்கால் அதிகம் சாயாததால் தட்டையான கேன்வாஸ் காலணியே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அவர்களும் ஆழத்தில் சலுகை பெறுவதில்லை. இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடத் தாழ வேண்டும் என்பது பன்னாட்டுப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதி.

இருவகைக் காலணிக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இரண்டின் அடியும் எளிதில் அமுங்காது. மூன்றாம் விதி இங்கே அடிபட்டுப்போகிறது. ஓட்டக் காலணியின் மெத்தை, ஓடுபவர் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தணிப்பதற்காக அமைந்தது. குந்துதலில் பாதம் தரையைவிட்டு எழுவதே இல்லை, மோதலும் இல்லை. 70 கி.கி. உடலும் 100 கி.கி. பாரமும் சேர்ந்து ஒவ்வொரு பாதத்தையும் சுமார் 833 நியூட்டன் விசையோடு அழுத்துகின்றன. 9 செ.மீ. அகலமுள்ள மெத்தையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 5 மி.மீ. அதிகமாக அமுங்கினால் போதும்; பாதம் 3 டிகிரிக்கு மேல் உள்நோக்கிச் சாயும். அதைத் தொடர்ந்து முழங்காலும் உள்ளே விழ முனையும். மெத்தை பாதுகாப்புத் தருவதற்கு மாறாகத் தடுமாற்றத்தையே தருகிறது.

காலணிக்குப் பதிலாகக் குதிகாலின் கீழ் இரும்புத் தட்டை வைத்துக் குந்துவதையும் சில கூடங்களில் காணலாம். கோணம் கிடைப்பது உண்மை. ஆனால் பாதம் முழுவதும் தாங்கப்படாமல் முன்னும் பின்னும் மட்டுமே தாங்கப்படுகிறது. தட்டு நழுவினால் பாரத்தோடு விழ நேரும். விலையுயர்ந்த காலணி வாங்க இயலாதவர்களுக்கு மெத்தையில்லாத கெட்டியான அடியுள்ள எளிய காலணியே மேல்.

சுவரில் ஓர் அளவை

தன் கணுக்கால் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதை எவரும் வீட்டிலேயே அளக்கலாம். காலணியைக் கழற்றிச் சுவரை நோக்கி நின்று ஒரு பாதத்தைச் சற்று முன்னே வையுங்கள். குதிகால் தரையில் பதிந்திருக்க, முழங்கால் சுவரைத் தொடுமாறு மடக்குங்கள். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்துங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடக்கூடிய கடைசி நிலையில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். உங்கள் முழங்கால் சில்லு விரலை எவ்வளவு தாண்டக் கூடும் என்பதே அவ்வளவு. அது மிகச் சிறியதாக இருந்தால், உயர்ந்த குதிகாலும் வெளிநோக்கிய பாதமும் உங்களுக்கு உதவக் கூடும். தாராளமாக இருந்தால் தட்டையான காலணியே போதும்.

அடுத்துப் பாரமின்றிப் பாதங்களைப் பல கோணங்களில் வைத்துக் குந்திப் பாருங்கள். குதிகால் எழாமல், முழங்கால் பாதத்தின் திசையை விட்டு விலகாமல், இடுப்பின் முன்பக்கம் இடறாமல் ஆழம் கிடைக்கும் கோணம் எதுவோ அதுவே உங்கள் கோணம். அது 30 டிகிரியாக இல்லாவிடில் கவலை வேண்டாம். அதன்பின் வெறும் தண்டோடு தொடங்கிப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்.

விதிக்கு உரிய இடம்

முழங்கால் விரலைத் தாண்டக் கூடாது என்ற சொல்லுக்கு இடமே இல்லையா? உண்டு. முழங்காலில் நோவோ காயமோ உள்ள ஒருவருக்கு மருத்துவர் அதைச் சொல்லலாம். அவருக்கு முழங்காலின் பங்கைக் குறைத்து இடுப்பின் பங்கைக் கூட்டுவது தக்க ஏற்பாடே. பாரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார். ஆனால் ஒரு நோயாளிக்கு எழுதிய மருந்துச் சீட்டை ஊரார் அனைவருக்கும் பொதுவென்று சுவரில் ஒட்டிவைப்பது முறையாகாது.

பாதத்தின் நிலையும் காலணியும், தொடையின் நீளத்தை முழங்காலுக்கும் இடுப்புக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதற்கான வழிகளே. பங்கின் கூட்டுத்தொகையை எந்த விதியாலும் குறைத்துவிட முடியாது. உடற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைத்து, மாணவனுடைய முழங்காலைப் பார்க்கும் அதே கண்ணால் அவன் முதுகையும் பார்ப்பார்களானால், விதியைச் சொன்னவர்களின் நல்லெண்ணம் உண்மையிலேயே நிறைவேறும்.